எண் போடாத தாள்

அந்த நீதிமன்றத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெஷின் என்றால் போதும். பதினாலு வருஷமாக நீதிபதி சொல்லச் சொல்லத் தலையைத் தூக்காமல் தட்டி, கடைசி வார்த்தை அவர் வாயை விட்டு வருவதற்குள் திரையில் கொண்டுவந்து நிறுத்துகிற டைப்பிஸ்டுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள். கேலிப்பெயர்தான், ஆனாலும் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் அவள் காலை வாரிவிட்டது.

காலை ஒன்பதரைக்கு ஃபைல் தைப்பதும் அவள் வேலை. அன்றைக்கு எடுக்கப்போகிற வழக்குகளின் தாள்களை அடுக்கி, ஓரத்தில் துளை போட்டு, தடித்த ஊசியில் வெள்ளை நூல் கோத்துத் தைத்து, ஒவ்வொரு தாளின் மூலையிலும் சிவப்புப் பென்சிலால் எண் போட வேண்டும். எண் போட்ட பிறகு ஒரு தாள் காணாமல் போனால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். எண் போடாதவரைக்கும் அது வெறும் காகிதம்.

பதினாலாவது வழக்கு வேன்காரருடையது. சரக்கு வேன் ஓட்டிப் பிழைக்கிறவர். குடோன் மேற்பார்வையாளரோடு வாய்ச்சண்டை முற்றி, இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கிவிட்டார். அந்த ஆளின் மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துபோனது. மூன்று வருஷம் கம்பி எண்ண வேண்டியவரை, நீதிபதி நிற்க வைத்து ஏற இறங்கப் பார்த்து, முதல் தப்பு, பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது, கோபத்தை அடக்கிக்கொண்டு பிழைக்கட்டும் என்று நன்னடத்தையில் வெளியே விட்டார். இரண்டு வருஷம் ஒழுங்காக இருக்க வேண்டும். வாராவாரம் திங்கட்கிழமை இதே கட்டடத்தில் இருக்கிற நன்னடத்தை அதிகாரி முன்னால் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அந்த மூன்று வருஷமும் முழுசாகத் திரும்பி வரும்.

வேன்காரர் ஒன்பது திங்கட்கிழமை அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. அதிகாரி எழுதிப் போட்டார், போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. பதினோரு நாளாக உள்ளே இருக்கிறார். இன்றைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தி, கொடுத்த சலுகையை ரத்து செய்ய வேண்டியதுதான் பாக்கி.

தைப்பதற்காகத் தாள்களைத் தட்டிச் சரி செய்தபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது. தீர்ப்போடு வேன்காரர் கையில் ஒரு நிபந்தனைத் தாள் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எப்போது, எங்கே, யாரிடம் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுகிற தாள். அதன் அலுவலகப் பிரதிதான் இது. "மூன்று மாதத்திற்கு ஒரு முறை, முதல் திங்கட்கிழமை" என்று அதில் இருந்தது.

அவள் இரண்டு தரம் படித்தாள். தீர்ப்பைப் புரட்டினாள். தீர்ப்பில் வாராவாரம் என்று சரியாகத்தான் இருந்தது. தாளில்தான் தப்பு. எப்படி வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெஷின் எந்த நிபந்தனைத் தாளையும் புதிதாக அடிப்பதில்லை. பழைய தாளைத் திறந்து, பேரை மாற்றி, தேதியை மாற்றி, விலாசத்தை மாற்றி அச்செடுத்துவிடுவாள். அரை நிமிஷ வேலை. வேன்காரருக்கு முந்தின ஆள் நடக்க முடியாத ஒரு கிழவர், அவருக்காக நீதிபதி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று தளர்த்தியிருந்தார். கிழவரின் பேர் போய்விட்டது. கிழவரின் கெடு போகவில்லை. அந்தக் கணக்குப்படி வேன்காரர் முதல் கையெழுத்துப் போட வேண்டிய நாள் வருகிற திங்கட்கிழமை. மனிதர் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இது அவளுக்கு இரண்டாவது தடவை. போன வருஷம் ஒரு விடுதலை உத்தரவில் தேதியை மாற்றி அடித்து, ஒருவர் ஒரு நாள் கூடுதலாக உள்ளே கிடந்தார். இதே நீதிபதிதான் அவளைக் கூப்பிட்டு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார். இன்னொரு தடவை நடந்தால் என் கையில் இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் வேலை பார்த்த கண்ணாடி ஃபேக்டரியை இழுத்து மூடி எட்டு மாதம் ஆகிறது. அவர்தான் இப்போது சமைத்து, டப்பாவில் கட்டி, மகாராணி கிளம்பலாம் என்று வாசல்வரை வந்து அனுப்பி வைக்கிறார். மகள் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அத்தனை பேரும் இந்தப் பத்து விரலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அந்தத் தாளை உருவிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள். மீதியைத் தைத்தாள். ஒன்று, இரண்டு என்று சிவப்புப் பென்சிலால் எண் போட்டாள். கணக்கு அழகாக வந்தது.

நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட் உட்காருகிற இடம் ஒரு பொந்து மாதிரி. பின்னால் நீதிபதியின் மேடை, முன்னால் வக்கீல்களின் மேஜை, ஒரு பக்கம் பெஞ்ச் கிளார்க்கின் ஃபைல் மலை, இன்னொரு பக்கம் சுவர். உட்கார்ந்தால் இடைவேளைக்குத்தான் எழுந்திருக்க முடியும். அங்கே எல்லோருக்கும் பேச உரிமை உண்டு. வக்கீல் பேசலாம், சாட்சி பேசலாம், குற்றம் செய்தவரும் பேசலாம். டைப்பிஸ்ட் மட்டும் பேசக் கூடாது. பதினாலு வருஷத்தில் அந்த ஹாலில் அவள் தும்மியதுண்டு, வாய் திறந்ததில்லை. அவள் அடிப்பது மேடையில் இருக்கிற நீதிபதியின் திரையிலும் அப்படியே ஓடும். அதைப் பார்த்துத்தான் அவர் திருத்தம் சொல்வார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வழக்குகள் ஓடின. சீக்கிரம் வந்து தொலையட்டும் என்றும் இருந்தது, வராமலே போகட்டும் என்றும் இருந்தது. பெஞ்ச் கிளார்க் இடையில் குனிந்து, என்ன மெஷின், சூடு ஏறிடுச்சா, இப்படி வேர்க்குது என்று கேட்டுவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார். பன்னிரண்டேகாலுக்குப் பதினாலாவது எண்ணைக் கூப்பிட்டார்கள்.

வேன்காரர் உயரமான ஆள். கூண்டுக்குள் வந்ததும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். பின்வரிசையில் அவர் மனைவி மடியில் ஒரு பையை வைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். ஏன் போகவில்லை என்று நீதிபதி கேட்டதற்கு, தாளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றுதான் போட்டிருந்தது, அடுத்த திங்கட்கிழமை போகத் தயாராக இருந்தேன் என்றார். தாள் எங்கே என்றார் நீதிபதி. அது சட்டைப் பையில் இருந்தது, துவைத்தபோது கூழாகிவிட்டது என்றார். ஹாலில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நீதிமன்றம் ஏற்பாடு செய்திருந்த இலவச வக்கீல் எழுந்து, அலுவலகப் பிரதி இருக்குமே, பார்க்கலாம் என்று கேட்டார். பெஞ்ச் கிளார்க் ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். எண்கள் வரிசையாக இருக்கின்றன, அப்படி ஒரு தாளே இல்லை என்றார்.

நீதிபதி இளகிய மனசுக்காரர். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்வதில் அவருக்கு அக்கறையும் உண்டு. அப்படிப்பட்டவர்களை ஏமாற்றினால் வருகிற கோபம் கறார் பேர்வழிகளுக்குக்கூட வராது. முகம் சுருங்கிப்போய்விட்டது. "உன்னை நம்பித்தானே விட்டேன்," என்றார். "வராததுகூடப் பரவாயில்லை. என் முன்னாடி நின்னு பொய் சொல்றியே, அதைத்தான் தாங்க முடியலை." பிறகு மெஷினுக்காகக் குரலை மாற்றிக்கொண்டு உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார்.

அவள் விரல்கள் பழக்கத்தில் ஓடின. இவர் நிபந்தனையைத் தொடர்ந்து மீறியிருக்கிறார், அதற்குப் பொய்யான காரணமும் கூறுகிறார், நீதிமன்றம் காட்டிய கருணையை என்பதுவரை அடித்தாள். அதற்கு மேல் ஓடவில்லை. பின்வரிசையிலிருந்து அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவள் அடுத்த வரிக்குப் போனாள். நீதிபதி சொல்லாததை அடித்தாள்.

ஐயா, நிபந்தனைத் தாளைத் தப்பாக அடித்தது நான். அவர் சொல்வது உண்மை. தாள் என் பையில் இருக்கிறது.

மேடையில் குரல் நின்றது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார். ஹாலில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மீதியை மத்தியானம் பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டார்.

அவருடைய அறையில் அவள் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். அதனால் அழுகை வரவில்லை. நீதிபதி தாளை மேலிருந்து கீழே படித்தார். அடியில் வந்ததும் அங்கேயே நின்றார். அங்கே அவருடைய கையெழுத்து இருந்தது.

அவள் அடித்ததை அவர் ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை. மெஷின் அடித்தால் சரியாக இருக்கும் என்று கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு மாதத்தில் பதவி உயர்வில் மேல் கோர்ட்டுக்குப் போகிறவர். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு தாளை மடித்து அவள் பக்கமே தள்ளினார்.

"இது ஃபைல்ல இல்லை. இல்லாததாவே இருக்கட்டும்," என்றார். குரல் ரொம்பக் கனிவாக இருந்தது. "மீறினது தப்புதான், ஆனாலும் கடைசியா ஒரு வாய்ப்புன்னு போட்டு அவரை விட்டுடறேன். அவரும் வீட்டுக்குப் போவாரு, உனக்கும் வேலை இருக்கும். போய்ச் சாப்பிடும்மா."

தனக்கும் நல்லது என்பதை அவர் சொல்லவில்லை. நல்ல மனுஷர், மறந்திருப்பார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நெஞ்சில் ஏறியிருந்த பாறாங்கல் இறங்கிய மாதிரிதான் இருந்தது. தன் இடத்துக்கு வந்து, திரையில் இருந்த அந்த மூன்று வாக்கியத்தையும் அழித்தாள். டப்பாவைத் திறந்தாள், ஒரு வாய் எடுத்துவிட்டு மூடி வைத்தாள். பைக்குள்ளே தாள் மடங்கிக் கிடந்தது. வேன்காரர் வெளியே வரப்போகிறார், அப்புறம் என்ன, சாப்பிட வேண்டியதுதானே என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

இரண்டரைக்கு மறுபடி கூப்பிட்டார்கள். நீதிபதி காலையில் இருந்த மாதிரி இல்லை, கனிந்துபோய் உட்கார்ந்திருந்தார். செய்த தப்பை ஒத்துக்கொண்டால் இன்னொரு முறை மன்னிக்க இந்த நீதிமன்றம் தயாராக இருக்கிறது, ஆனால் இனி ஒரே ஒரு திங்கட்கிழமை தவறினாலும் கேள்வி முறை கிடையாது, மூன்று வருஷம் என்றார். பின்வரிசையில் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். இலவச வக்கீல் கூண்டுப் பக்கம் திரும்பி, ஒத்துக்கொள்ளும்படி சைகை காட்டினார்.

வேன்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். காலையில் சிரித்தவர்கள் இப்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவியிடமிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "ஒத்துக்கங்க. வீட்டுக்கு வந்தாப் போதும்."

அவர் தன் கைகளைப் பார்த்தார். "மூணு மாசம்னு படிச்ச மாதிரிதாங்க ஞாபகம்," என்றார். "ரெண்டு மூணு தரம் படிச்சேன். ஆனா இத்தனை பேர் இல்லைன்னு சொல்லும்போது எனக்கே சந்தேகமா இருக்கு. நான்தான் தப்பாப் படிச்சிருப்பேன் போல. ஒத்துக்கறேங்க."

அதையும் அவள்தான் அடிக்க வேண்டும். நான்தான் தப்பாக என்பதுவரை அடித்தாள். ஜெயிலில்கூட அந்த மனிதர் தன் கண்ணைச் சந்தேகப்படவில்லை. பதினோரு நாள் கம்பிக்குள்ளே, நான் சரியாகத்தான் படித்தேன் என்ற அந்த ஒன்றையாவது கையில் பிடித்துக்கொண்டு இருந்திருப்பார். அதையும் இப்போது பிடுங்கி எடுத்தாயிற்று. பிடுங்கியது யார் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கும் மறுநாளும் இதே பொந்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் இந்தக் கட்டடத்துக்கு ஓட்டமும் நடையுமாக வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாற்காலி பின்னால் சுவரில் இடித்தது. அவள் எழுந்து நின்றிருந்தாள். "இல்லைங்கய்யா. அவர் சரியாத்தான் படிச்சிருக்கார்," என்றாள். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. பைக்குள் கைவிட்டுத் தாளை எடுத்துப் பெஞ்ச் கிளார்க்கிடம் நீட்டினாள். "இதை அடிச்சது நான். காலையில ஃபைல்லேர்ந்து எடுத்து ஒளிச்சதும் நான்தான்."

பெஞ்ச் கிளார்க்குக்கு எதையும் மனசுக்குள் படித்துப் பழக்கமில்லை. மூன்று மாதத்திற்கு ஒரு முறை, முதல் திங்கட்கிழமை என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி படித்தார். அடியில் வந்தபோதுதான் அவருக்கே உறைத்தது. கீழே ஐயாவோட கையெழுத்து என்று குரலை இறக்கி முடித்தார்.

நீதிபதியின் முகத்தை அவளால் பார்க்க முடியாது, அவர் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தார். திரும்பிப் பார்க்கத் தைரியமும் இல்லை. கடைசியில் அவர், "உட்காரும்மா. அடி," என்றார்.

அவள் அடித்தாள். இவர் எந்த நிபந்தனையையும் மீறவில்லை. நீதிமன்றம் கொடுத்த தாளில் பிழை இருந்தது. அதைத் தட்டச்சர் தவறாக அடித்தார், நீதிபதி படிக்காமல் கையெழுத்திட்டார். இவர் பதினோரு நாள் சிறையில் இருந்தது நீதிமன்றத்தின் தவறு. உடனே விடுவிக்க வேண்டும், தீர்ப்பில் உள்ளபடி இனி வாராவாரம் அவர் கையெழுத்திட வேண்டும். தாளை மறைத்ததற்காகத் தட்டச்சர் நாளை முதல் மறு உத்தரவு வரும்வரை பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிற அந்த வரியிலும் அவள் ஒரு எழுத்துப் பிசகவில்லை. இன்று மதியம் என்று நீதிபதி ஆரம்பித்தார். அறையில் பேசியது வரப்போகிறது என்று அவள் விரல்கள் காத்திருந்தன. அவர் அந்த வாக்கியத்துக்குள் போகவில்லை. அந்த ரெண்டு வார்த்தையை எடுத்துடும்மா என்றார். எடுத்துவிட்டாள்.

மேஜைச் சாவியைப் பெஞ்ச் கிளார்க்கிடம் கொடுத்தபோது அவர் மெஷின் என்று கூப்பிடவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் வேன்காரரும் மனைவியும் விடுதலைத் தாளுக்காகக் காத்திருந்தார்கள். கண்ணில் படாமல் போய்விடலாம் என்றால் வேறு வழி இல்லை, படிக்கட்டு அவர்களைத் தாண்டித்தான் இருந்தது.

அவர் வழியை மறிக்கவில்லை, ஒதுங்கவும் இல்லை. "நான் கூண்டுல நிக்கும்போதெல்லாம் அது உங்க பையிலதான் இருந்துச்சா," என்று கேட்டார்.

ஆமாம் என்றாள். வேலை போய்விடுமோ என்று பயந்துவிட்டேன் என்றும் சொன்னாள். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னதாகக் கேட்டது என்று கூசியது. மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். விடுங்க, கடைசியிலயாவது சொன்னாங்கல்ல, வாங்க என்றாள்.

"தப்பா அடிச்சதை இப்பவே மன்னிச்சுட்டேங்க," என்றார் வேன்காரர். பெரிய கை, பக்கத்துத் தூணில் ஊன்றியிருந்தது. அதை அவர் எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். "கை தவறிப் போறது எனக்குத் தெரியாததா. ஆனா என் கண்ணையே நான் நம்பாம போற வரைக்கும் உக்காந்து பாத்துட்டு இருந்தீங்களே, அதுக்கு மட்டும் எனக்கு வாய்தா வேணும்."

எவ்வளவு நாளுக்கு என்று கேட்டாள். தெரியவில்லை என்றார். "திங்கக்கிழமை கையெழுத்துப் போட இங்கதான் வருவேன். அப்ப வந்து கேளுங்க."

தனக்கு நாளையிலிருந்து இங்கே வேலை இல்லை என்றாள் அவள்.

"எனக்கு மட்டும் இங்க வேலையா இருக்கு," என்றார் அவர். "இனி வாராவாரம் நான் வரப்போறேன்ல. வாங்க."

உள்ளேயிருந்து அவர் பேரைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பி நடந்தார். வருகிறேன் என்று அவள் அந்த முதுகைப் பார்த்துச் சொன்னாள்.